கொம்புத் திருக்கைக்கு வந்த தடை: வலையில் என்ன மாறும், என்ன மாறாது

2025ஆம் ஆண்டின் கடைசியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து நகரில் அழிவை நோக்கும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் நாடுகள் கூடின. கொம்புத் திருக்கை இனங்களை அந்த உடன்படிக்கையின் முதலாம் இணைப்புக்கு மாற்றுவதென அங்கே முடிவானது. ஆசிய யானையும் புலியும் கடலாமைகளும் இருக்கும் பட்டியல் அது.

இப்படி ஒரு செய்தி திருகோணமலைக் கரைக்கு வந்து சேரும்போது "திருக்கை பிடிக்கத் தடையாம்" என்று சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கம் பிழையானது. எந்தத் திருக்கை, எதற்குத் தடை, சூரைக்குப் படுத்த வலையில் தானாக வந்து மாட்டினால் என்ன, கருவாடு விற்கிறவர் நிலை என்ன என்பவற்றுக்கு அந்த ஒரு வரியில் பதில் இல்லை. அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

எந்தத் திருக்கை?

சந்தையில் வறைக்கும் குழம்புக்கும் வாங்கும் திருக்கைகளில் பெரும்பாலானவை கடலடி மணலில் படுத்துக் கிடப்பவை. சாட்டை போன்ற வாலும் வாலில் முள்ளும் உள்ளவை. இந்தத் தடை அவற்றுக்கானது அல்ல.

கொம்புத் திருக்கை வேறு குடும்பம். தலையின் இரு பக்கமும் கொம்பு மாதிரி இரண்டு மடல்கள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் படுக்காது, நடுக்கடலில் நீந்திக்கொண்டே இருக்கும். இலங்கைத் துறைகளில் இறக்கப்படுபவை குறைந்தது ஐந்து இனங்கள். அவற்றில் மிகப் பெரியதை ஆனைத்திருக்கை என்றும் சொல்வதுண்டு. அதன் இறக்கை அகலம் 7 மீட்டர் வரை போகும், எடை ஆயிரம் கிலோவைத் தாண்டும். வாய் இருக்கும் இடத்தை வைத்து அதைப் பிரித்தறியலாம்: ஆனைத்திருக்கைக்கு வாய் தலையின் முன்விளிம்பில் இருக்கும், மற்றக் கொம்புத் திருக்கைகளுக்குச் சற்றுக் கீழே தள்ளி இருக்கும்.

உடம்பு பெரியது, ஆனால் சாப்பாடு மிகச் சிறியது. வாயைத் திறந்தபடி நீந்தி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் கூனியையும் செவுளில் உள்ள தட்டுகளால் வடிகட்டித் தின்னும். இந்தச் செவுள் தட்டுகள்தான் பின்னால் பெரிய பிரச்சினையாக மாறின.

அளவுமீறிய மீன்பிடி என்றால் என்ன?

நிறையப் பிடிப்பதையே அளவுமீறிய பிடி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எத்தனை தொன் பிடித்தோம் என்பதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. பிடிபடுகிற வேகம் பெருகுகிற வேகத்தைத் தாண்டினால் அது அளவுமீறிய பிடி. அதனால் ஒரு மீனுக்கு ஆயிரம் தொன்னும் தாங்கும், இன்னொன்றுக்குப் பத்தும் தாங்காது.

சூடை மீன் ஏறக்குறைய ஒரு வருடத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒரு பெண் மீன் பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும். கொம்புத் திருக்கை முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. ஆனைத்திருக்கையை எடுத்தால், ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. வயிற்றில் சுமக்கும் காலம் ஒரு வருடத்துக்கும் மேல். அடுத்த குட்டிக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் வரை இடைவெளி. முதல் குட்டி போடவே பத்து வருடமளவில் ஆகிவிடும். சூடையை நெல் மாதிரிப் போகத்துக்குப் போகம் அறுக்கலாம். கொம்புத் திருக்கை பனை மாதிரி: தறிக்க ஒரு காலைப்பொழுது போதும், திரும்பக் காய்க்க ஒரு தலைமுறை வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே.

1. பருவமடைந்த பெண் திருக்கைகள் 100 இருக்கின்றன, மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 33 குட்டிகள் கிடைக்கும்.
2. அதில் பாதி பெண், அதாவது 16 அல்லது 17.
3. அவற்றில் பாதி பத்து வருடம் பிழைத்துப் பருவத்துக்கு வந்தால் 8.
4. அதே வருடத்தில் நோய், முதுமை, பெரிய சுறாக்கள் என்று தாய்களில் 4 போய்விட்டால் மிஞ்சுவது 4.

ஆக, அந்த நூறில் நாலுக்கு மேல் வலை எடுத்தால் கூட்டம் சுருங்கத் தொடங்கும். பருவத்துக்கு வராத குட்டிகளும் வலையில் போகின்றன என்பதைச் சேர்த்தால் நாலுகூட இல்லை. ஒரு படகு ஒரு பயணத்தில் இரண்டு மூன்றைக் கொண்டு வந்தால் யாருக்கும் அது பெரிய பிடியாகத் தெரியாது. இந்த மீனுக்கு ஆபத்து வருவது அப்படித்தான். பிடிக்கிறவர் யாரும் அளவு மீறியதாக உணர மாட்டார், ஆனால் எல்லோரும் பிடித்ததைக் கூட்டினால் அளவு மீறியிருக்கும்.

சூரை வலையில் இது ஏன் வருகிறது?

திருகோணமலைக் கடலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி வெளிக்கடலுக்கு இறங்குகிறது. மற்ற இடங்களில் பல மைல் ஓடினால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட வருவதற்கும் காரணம் அதுதான். மூதூர்ப் பக்கமாக மகாவலி கடலில் கலந்து சத்துகளைக் கொண்டு வந்து சேர்க்கிறது. ஆழமும் சத்தும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்ன சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தேடிச் சூரை வரும். அதே நுண்ணுயிர்களுக்காகக் கொம்புத் திருக்கையும் வரும். சூரை நிற்கும் இடத்தில் திருக்கையும் நிற்பது தற்செயல் அல்ல.

அடுத்தது நேரம். நுண்ணுயிர்க் கூட்டம் பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலே ஏறும். கொம்புத் திருக்கையும் பின்னாலேயே மேலே வரும். இதன் ஒரு வகை ஏறக்குறைய 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்குவது பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட மீன், செவுள்வலை மிதக்கும் மேல் தண்ணீருக்குச் சரியாக இரவில்தான் வந்து சேர்கிறது. நாம் பொழுது சாய வலையைப் படுத்து, விடியப் புறத்தில் இழுக்கிறோம். இரண்டும் சந்திக்க வேறென்ன வேண்டும்?

செவுள்வலை மீனைத் தெரிந்து பிடிப்பதில்லை. கண்ணியின் அளவுக்குத் தலை நுழையும் மீன் செவுளில் சிக்கும். பெரிய உடம்புள்ளது கொம்பிலோ இறக்கையிலோ சுற்றிக்கொள்ளும். கொம்புத் திருக்கை முன்னோக்கி நீந்தினால்தான் அதன் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும், அப்போதுதான் அதற்கு மூச்சு. வலை அதை நிறுத்தினால் மூச்சும் நிற்கிறது. விடியும்வரை கிடந்த வலையை இழுக்கும்போது பெரும்பாலும் அது செத்துத்தான் வருகிறது.

என் கணிப்பில் முழு விடயத்திலும் முக்கியமான இடம் இதுதான். இந்த மீனைக் குறைப்பது கள்ளத் தொழில் அல்ல. அனுமதிப்பத்திரத்தோடு, சூரைக்காக, எல்லோரும் படுக்கிற சாதாரண வலை அது. டேனியல் பெர்னாண்டோவும் ஜோசுவா ஸ்டூவர்ட்டும் இலங்கைத் துறைகளில் பத்தாண்டுகளாகச் சேர்த்த தரவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகின் பெரிய தொழிற்துறைச் சுற்றுவலைக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து பிடிப்பதாக மதிப்பிடப்பட்ட கொம்புத் திருக்கைகளைவிட, 'சிறுதொழில்' என்று பெயர்பெற்ற இலங்கைப் படகுகள் பிடிப்பது அதிகம் என்பது அதன் முடிவு. கசப்பான முடிவுதான். ஆனாலும் அதைப் பார்க்காமல் மேலே பேச முடியாது.

செவுளுக்கு விலை வந்த கதை

கொம்புத் திருக்கையைத் தேடிப் போய்ப் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் பெரிதாக இருந்ததில்லை. வலையைக் கிழிக்கும், படகில் இடத்தை அடைக்கும், இறைச்சிக்கு விலையும் இல்லை. கருவாடாகப் போட்டால் ஏதோ கொஞ்சம் வரும். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தேடிப் போவதும் பால்சுறாவைத்தான்.

நிலைமையை மாற்றியது செவுள் தட்டு. காயவைத்த தட்டுகளைச் சீனாவின் குவாங்சோ போன்ற சந்தைகளில் மருந்துப் பொருளாக விற்கத் தொடங்கினார்கள். பழைய சீன மருத்துவ நூல்களின் வழி வந்த மருந்து அல்ல அது, அண்மைக்காலத்தில் வியாபாரிகள் பரப்பியது. இறைச்சியைவிடப் பல மடங்கு விலை செவுளுக்குக் கிடைத்தது. முன்பு உயிரோடு வந்தால் விட்டுவிடக்கூடிய மீனை, அதன் பிறகு விடுவது கைக்கு வந்த காசை விடுவதாகிவிட்டது.

சட்டங்கள்: எது எதைத் தொடுகிறது?

இங்கேதான் குழப்பம் அதிகம். மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. சைட்டீஸ். இது நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கை 1979இல் சேர்ந்தது. இரண்டாம் இணைப்பில் உள்ள உயிரினத்தை ஏற்றுமதி செய்யலாம், ஆனால் அந்த ஏற்றுமதி இனத்தைப் பாதிக்காது என்று அறிவியல் ரீதியாகக் காட்டி அனுமதி பெற வேண்டும். ஆனைத்திருக்கை 2013இலும் மற்றக் கொம்புத் திருக்கைகள் 2016இலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. முதலாம் இணைப்பு என்றால் வணிக நோக்கிலான சர்வதேச வியாபாரத்துக்கே இடமில்லை. ஆக, செவுள் தட்டு ஏற்றுமதிக்குக் கதவு மூடிவிட்டது.

இதிலே பலர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில், அதாவது 200 கடல் மைலுக்கு அப்பால், பிடித்ததைச் சொந்த நாட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதையும் சைட்டீஸ் வணிகமாகவே கணக்கெடுக்கிறது. 'கடலிலிருந்து கொண்டுவருதல்' என்று அதற்குப் பெயர். திருகோணமலையின் கொட்பே துறையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுக்கு இது நேரடியாகப் பொருந்தும். மீன் கொழும்புச் சந்தையைத் தாண்டாவிட்டாலும் பொருந்தும்.

2. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு. இலங்கையும் இதில் உறுப்பினர். 2019இல் எடுத்த 19/03 இலக்கத் தீர்மானம் கொம்புத் திருக்கைக்கென்றே வந்தது. திருக்கை கண்ணில் பட்டால் வேண்டுமென்று வலை போடக்கூடாது, படகில் வைத்திருக்கவோ மாற்றி ஏற்றவோ இறக்கவோ கூடாது, உயிரோடு இருந்தால் உடனே விட வேண்டும் என்கிறது. வீட்டுத் தேவைக்காகப் பிடிக்கும் தொழிலுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கு, பிடித்தவரின் குடும்பம் நேரடியாகச் சாப்பிடுவதைத்தான் குறிக்கிறது. இடைத்தரகருக்கு விற்பது அதற்குள் வராது.

3. உள்நாட்டுச் சட்டம். அடிப்படை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம். அதன் கீழ் 2015இல் ஆழ்கடல் சுறாத் தொழிலுக்கு ஒழுங்குவிதிகள் வந்தன. நீண்ட வாலுள்ள நரிச்சுறா வகைகள், பெருங்கடல் வெண்முனைச் சுறா, திமிங்கிலச் சுறா ஆகியவை அதில் தடைசெய்யப்பட்டன. கொம்புத் திருக்கை அந்தப் பட்டியலில் இல்லை. சர்வதேச முடிவுக்கும் துறையில் உத்தியோகத்தர் கையில் வைத்திருக்கும் பட்டியலுக்கும் இடையில் இப்படி இடைவெளி விழும்போதுதான் "தடையா, இல்லையா" என்று ஆளுக்கொரு பதில் வருகிறது.

சர்வதேச முடிவுகளை யாரோ எங்கேயோ எழுதியவை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் இலங்கை மீனை வாங்குவதை நிறுத்தியது. 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த இடைக்காலத்தில் அடிபட்டவர்கள் பிழை செய்த படகுக்காரர் மட்டும் அல்லர். நேர்மையாகத் தூண்டிலில் சூரை பிடித்தவருக்கும் அதே விலைதான் கிடைத்தது.

சேர்த்துக் குழப்பக்கூடாத விடயங்கள்

திருகோணமலையில் 'மீன் வளம் அழிகிறது' என்று பேச்சு வந்தால் சுருக்கு வலை, வெடி, தங்கூசி வலை என்பவைதான் முதலில் வரும். அவை உண்மையான பிரச்சினைகள். வெடி வைப்பது பவளப்பாறையையும் குஞ்சையும் சேர்த்தே கொல்கிறது, அதை மன்னிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவை எல்லாவற்றையும் நாளைக்கே நிறுத்தினாலும் கொம்புத் திருக்கை திரும்பி வராது. அது சாகும் வலை வேறு.

புறாத்தீவும் அப்படித்தான். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்த இடம் பவளப்பாறைக்கும் கரைக்குக் கிட்டச் சுற்றும் கருமுனைச் சுறாவுக்கும் அடைக்கலம். கடல் கடந்து திரியும் கொம்புத் திருக்கையை நிலாவெளிக்கு எதிரே உள்ள ஒரு சிறு பூங்கா காப்பாற்றாது.

வலையில் எதை மாற்றலாம்?

விற்பனைத் தடை வந்தால் தேடிப் பிடிக்கும் ஆசை குறையும். அது பெரிய விடயம்தான். ஆனாலும் தானாக மாட்டிச் சாகும் மீனை விற்பனைத் தடை காப்பாற்றாது. செத்ததைக் கடலில் எறிவதால் கூட்டம் கூடுமா? வலை தண்ணீரில் கிடக்கும் நேரம், ஆழம், இடம், நீளம் ஆகியவற்றில்தான் கை வைக்க வேண்டும்.

1. நீளம். 2.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மிதவை வலைகளைச் சூரை ஆணைக்குழு 2022 முதல் தன் எல்லை முழுவதும் தடைசெய்திருக்கிறது. விதி இருக்கிறது, படகில் ஏறி அளக்கிறவர் வேண்டும்.

2. ஆழம். வலையின் தலைக்கயிற்றை மேற்பரப்பிலிருந்து 2 மீட்டர் கீழே இறக்கிப் படுக்கும் முறையை ஆணைக்குழு வலியுறுத்துகிறது. பாகிஸ்தானில் செய்து பார்த்தபோது ஓங்கில் (டொல்பின்) மாட்டுவது வெகுவாகக் குறைந்தது. திருக்கைக்கும் அதே பலன் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓங்கில் மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும், திருக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

3. நேரம். வலை கிடக்கும் நேரத்தைக் குறைத்து, இடையில் ஒரு தடவை பார்த்தால் உயிரோடு விடக்கூடிய மீன் கூடும். செலவு என்னவென்றால் நித்திரையும் எண்ணெயும்.

4. இடம். திருக்கைக் கூட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது கொட்பே, திருக்கடலூர், குச்சவெளித் தொழிலாளருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பள்ளத்தாக்கின் விளிம்பில் அந்த வாரங்களில் மட்டும் வலையை ஒதுக்கிவைப்பது, வருடம் முழுக்க எல்லா இடத்தையும் மூடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிறவர்களும் அதே விதிக்கு உடன்பட வேண்டும். உள்ளூரவர் விட்ட இடத்தில் மற்றவர் வலை படுத்தால் அடுத்த வருடம் யாரும் விடமாட்டார்கள்.

5. தொழில் முறை. சூரைக்குத் தூண்டில் போட்டால் கொம்புத் திருக்கை மாட்டுவது அரிது. மீனும் நல்ல தரத்தில் வரும், ஏற்றுமதி விலை கிடைக்கும். ஒரே நீளக் கயிற்றில் பல தூண்டில்களைக் கோர்க்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கு மாறினால் சுறாவும் ஆமையும் மாட்டும் தொல்லை கூடலாம், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செலவு யார் தலையில்?

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு எந்திரம் பூட்டிய ஒருநாள் படகுகள் ஓடுவது அந்த எண்ணெயில்தான். அப்படிப்பட்ட கணக்கோடு கடலுக்குப் போகிறவரிடம், வலையில் கிடக்கும் நூற்றுக்கணக்கான கிலோ இறைச்சியை விட்டுவிடு, வலையையும் வெட்டு என்று சொல்கிறோம். வலை வெட்டினால் பொத்தவேண்டும், பொத்துகிற நாளில் தொழில் இல்லை.

இந்தச் செலவை மீனவக் குடும்பம் மட்டும் சுமப்பது நியாயமில்லை. செவுள் வியாபாரத்தில் பெரிய இலாபம் போனது ஏற்றுமதிக்காரருக்கு. மீன் மிஞ்சினால் நன்மை எல்லோருக்கும். வெட்டிய வலைக்கு ஈடு, தூண்டிலுக்கு மாறுகிறவருக்குக் கடன், சங்கங்கள் வழியாக அதைக் கொடுக்கும் ஏற்பாடு என்பவை தடையோடு சேர்ந்து வர வேண்டும். அவை இல்லாமல் தடை மட்டும் வந்தால் மீன் நடுக்கடலிலேயே துண்டாகி, துறையில் பதிவாகாமல் போகும். நீர்வள ஆய்வு செய்யும் நாரா நிறுவனத்துக்கோ கடற்றொழில் திணைக்களத்துக்கோ கணக்கே கிடைக்காது.

மாட்டியது உயிரோடு இருந்தால்

ஆணைக்குழுவின் தீர்மானத்தில் கையாளும் முறையும் எழுதப்பட்டிருக்கிறது. கரையில் அது அவ்வளவாகப் பேசப்படாததால், அதோடு சேர்த்துச் செய்யக்கூடியவற்றையும் இங்கே தருகிறேன்.

1. முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்து விடுவியுங்கள். படகில் ஏற்றினால் அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளை நசுக்கும்.
2. கொளுக்கி குத்த வேண்டாம். உடம்பில் துளையிட்டுக் கயிறு கோர்க்கவும் வேண்டாம்.
3. செவுள் பிளவிலோ வாலிலோ கொம்பிலோ பிடித்துத் தூக்க வேண்டாம். படகில் ஏறிவிட்டால் இரண்டு பேர் இறக்கையின் இரு பக்கமும் பிடித்து, அல்லது பழைய வலைத் துண்டில் தாங்கி இறக்கலாம்.
4. சுற்றிய வலையை இழுக்காமல் வெட்டுங்கள். உடம்பில் தங்கும் நூல் பிறகு அதை அறுத்துக் கொல்லும்.
5. கைபேசி இருந்தால் வயிற்றுப் பக்கத்தை ஒரு படம் எடுங்கள். ஆனைத்திருக்கையின் வயிற்றுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அதை வைத்தே ஆய்வாளர்கள் அதே திருக்கையை மறுபடி கண்டால் அடையாளம் காண்கிறார்கள். நாள், இடம், இறக்கை அகலம் ஆகியவற்றோடு ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஆணுக்கு வாலடியில் விரல் மாதிரி இரண்டு உறுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்கு அவை இருக்காது.